எட்டே முக்கால் வருடம்

“எடுக்கறதுங்களா, மாத்தறதுங்களாக்கா?” என்று பர்வீன் கேட்டது வசந்தமணியின் காதில் நன்றாகவே விழுந்தது. பதில் சொல்ல வாயையும் திறந்தாள். திறந்த வாய்க்குள் மின்விசிறிக் காற்று போய்த் திரும்பியதே தவிர வார்த்தை ஒன்றும் வரக் காணோம். கணபதி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் அந்தக் கடைக்குப் பெயர்தான் ஜெராக்ஸ் கடை. ஆதார், ரேஷன், பட்டா, பி.எஃப் என்று மனிதர்களைக் காகிதத்தில் உட்கார வைக்கிற வேலையெல்லாம் அங்கேதான் நடக்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டரும் பர்வீனும், இந்தப் பக்கம் நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் வசந்தமணியும். அரசூரில் புதிதாகச் சேர்ந்திருக்கிற மோட்டார் கம்பெனிப் பக்கம் இன்றைக்கு மாதாந்திர மின்தடை. அதனால் வேலைக்கு லீவு, அதனால் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். பர்வீன் திரையைக் கொஞ்சம் அவள் பக்கமாகத் திருப்பி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விரல் வைத்துச் சொன்னாள்: “பழைய கம்பெனி பி.எஃப்ல எட்டே முக்கால் வருசம் இருக்குதுங்க்கா. எடுத்தீங்கன்னா மொத்தப் பணமும் பேங்குக்கு வந்துரும். ஆனா கணக்கு அதோட முடிஞ்சுது, அந்த எட்டே முக்காலும் போச்சு. மாத்துனீங்கன்னா புதுக் கம்பெனியோட சேந்துக்கும். இன்னும் ஒண்ணே கால் வருசம் அங்க ஓட்டுனீங்கன்னா பத்து. பத்து ஆயிருச்சுன்னா அம்பத்தெட்டு வயசுக்கு மேல மாசாமாசம் பென்சன், இருக்கற வரைக்கும்.” இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. தெளிவாகச் சொல்லிவிட்டதுதான் சங்கடமாகப் போயிற்று. புரியவில்லை என்று சொல்லவாவது ஒரு வழி இருந்திருந்தால் அடுத்த மின்தடைக்குத் தள்ளிப் போட்டிருக்கலாம்.

“யோசிச்சுட்டே இருங்க்கா, அதுக்குள்ள இந்த அய்யாவைப் பாத்தர்றேன்” என்று பர்வீன் அடுத்த நாற்காலியில் இருந்த கிழவரிடம் திரும்பினாள். காலை பதினொரு மணி வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்த அவர் பழைய பஞ்சாலைத் தொழிலாளி. உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட வந்திருந்தார். வருடத்துக்கு ஒரு தடவை காட்டினால்தான் பென்சன் நிற்காமல் வரும். முன்பெல்லாம் கைரேகை வைத்தால் போதும்; அவருடைய ரேகையை மெஷின் எடுக்கவில்லை, அத்தனை வருடம் நூலோடு உரசிய விரலில் ரேகைக்கு என்ன வேலை. அதனால் பர்வீன் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, “கண்ணை மூடித் தெறங்கய்யா” என்றாள். கிழவர் ரேஷன் கார்டுக்குப் படம் எடுப்பதுபோல முறைத்தார். “மூடுங்கய்யா.” மூடினார், மூடியவர் மூடியபடியே இருந்தார். “தெறங்கய்யா!” “போன வருசமும் இருந்தேன், இந்த வருசமும் இருக்கறேன். எங்கம்மிணி போயிருவேன்?” என்று கண்ணை மூடிக்கொண்டே கோபித்துக்கொண்டார். வசந்தமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சிரிப்பாகத் தன் கண்களையும் மூடித் திறந்திருக்கிறாள், தெரியாமலே. மூடிய அந்த ஒரு நொடிக்குள் இமை கனத்தது, இமையில் பஞ்சு. அவிநாசிப் பக்கத்து மில்லில் பதினெட்டு வயதில் நூற்பு மெஷினுக்கு முன்னால் நின்றபோது இமை மயிரெல்லாம் வெள்ளையாகிவிடும், கண்ணை மூடித் திறந்தால் ஒரு துளிப் பஞ்சு மிதந்து கன்னத்தில் இறங்கும், அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அறுந்த நூலை ஒட்டிவிடுவாள், பார்க்காமலே விரல் ஒட்டும். காதுக்குள் எந்நேரமும் ஒரே இரைச்சல், அந்த இரைச்சலுக்குள் பக்கத்து மெஷின்காரி ருக்மணி உதட்டை மட்டும் அசைத்துக் கதை சொல்வாள், அத்தனையும் புரியும். ஆறு வருடம். சோறு, பஞ்சு, இரைச்சல், தூக்கம், ருக்மணியின் உதடு.

அந்த ஆறு வருடம் இப்போது வீட்டில் பீரோவாக நிற்கிறது. கல்யாணம் நிச்சயமானால் பி.எஃப் கணக்கை முடித்துவிட வேண்டும் என்பது மில்லில் எழுதாத சட்டம். யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை, பொட்டு வைப்பதுபோல அது பாட்டுக்கு நடக்கும். ஆபீசில் படிவத்தோடு கல்யாணப் பத்திரிகையையும் பின் அடித்துத் தரச் சொல்வார்கள். பத்திரிகையின் நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் படிவத்தில் ஒட்டிக்கொள்ளும். மேஜைமேல் அடுக்கியிருக்கும் படிவக் கட்டைப் பார்த்தால் மூலையெல்லாம் மஞ்சளாக இருக்கும், அந்த வருடம் எத்தனை பேர் போகிறார்கள் என்று தூரத்திலிருந்தே தெரியும். “முடிச்சுக்கறயா?” என்று கிளார்க் கேட்டார். “முடிச்சுக்கறேனுங்க” என்று வெட்கத்தோடு சொன்னாள். எதை முடிக்கிறோம் என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. வந்த பணத்தில் அப்பா கண்ணாடி வைத்த இரும்பு பீரோ வாங்கிச் சீரோடு அனுப்பினார். அந்தக் கண்ணாடியில்தான் இன்று காலையிலும் தலை வாரினாள். அதற்குப் பிறகு கிரைண்டர் கம்பெனியில் நாலு வருடம், பெட்டியில் அடைக்கிற வேலை. மகள் கீர்த்தனாவுக்குக் காது குத்தியபோது அதையும் முடித்து எடுத்தாயிற்று. பந்தலில் இருநூறு இலை விழுந்தது. நாலு வருடத்தைச் சொந்தக்காரர்கள் ஒரு மத்தியானத்தில் சாப்பிட்டு, பாயசம் கொஞ்சம் தண்ணீராக இருந்தது என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். தப்பென்று சொல்ல முடியுமா? காது குத்தாமல் இருக்க முடியுமா, பீரோ இல்லாமல் போயிருக்க முடியுமா? எல்லாப் பெண்களும் எடுத்தார்கள். எடுக்கிற ஒவ்வொரு தடவையும் காரியம் பெரியதாகவும் வருடம் சின்னதாகவும்தான் தெரிந்தது. போன வாரம் பர்வீனிடம் வந்து, மொத்தமாக எத்தனை வருடம் வேலை செய்திருக்கிறேன் என்று கம்ப்யூட்டரில் பார்க்கச் சொன்னபோது எட்டே முக்கால் என்றது. பதினெட்டே முக்கால் அல்லவா வரவேண்டும் என்று கேட்டாள். “அதெல்லாம் முடிச்சது இதுல வராதுங்க்கா” என்றாள் பர்வீன், சாதாரணமாக. வசந்தமணி தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டே, இல்லாத அந்தப் பத்து வருடத்தில் எங்கே இருந்தேன் என்று யோசித்தாள். இருந்தாளே. பக்கத்தில் ருக்மணியும் இருந்தாளே.

லேமினேஷன் மெஷினிலிருந்து சூடான பிளாஸ்டிக் வாசனை வந்தது. அந்த வாசனைக்கும் வார்னிஷ் வாசனைக்கும் என்ன சொந்தமோ, மூக்கு உடனே பழைய மோட்டார் கம்பெனிக்குப் போய்விட்டது. வைண்டிங் செக்‌ஷனில் பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு ஸ்டேட்டர் வளையம், மடியில் செம்புக் கம்பி. அந்த இரும்பு வளையத்துக்குள் இருக்கிற காடிப் பள்ளங்களில் காகிதம் செருகி, சுற்றிய கம்பியை விரலால் தள்ளித் தள்ளி உட்கார வைக்க வேண்டும், கம்பியின் மேல்பூச்சில் ஒரு நகக்கீறல் பட்டாலும் மோட்டார் புகைந்துவிடும், அதனால் அந்த எட்டே முக்கால் வருடமும் அவள் நகம் வளர்த்ததில்லை. கம்பியைச் சுற்றும்போது கவனம் சிதறி எண்ணிக்கை விட்டுப்போனால் அவ்வளவையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து. பிரிக்கிற கம்பி நெளிநெளியாக மடியில் விழும். அதை மறுபடி நேராக்க முடியாது, எடைக்குப் போட வேண்டியதுதான். அந்த வேலையில் அவள் கெட்டிக்காரி. சூப்பர்வைசர் புதிதாக வருகிறவர்களை அவள் பக்கத்தில்தான் உட்கார வைப்பார். மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த வேலைக்கு மெஷின் வந்தது, பன்னிரண்டு பேரில் மூன்று பேர் போதும் என்றார்கள், சண்டை போடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். வேலையை விட்டு வருகிற அன்று அந்த மெஷின் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அழகாகத்தான் சுற்றியது. அதற்கு யோசனை இல்லை, அதனால் எண்ணிக்கை விட்டுப்போகாது. யோசனை இருக்கிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லையெல்லாம். இப்போதும் பார், எடுப்பதா மாற்றுவதா என்று ஒரு சுற்று வருவதற்குள் பீரோ குறுக்கே வருகிறது, பாயசம் குறுக்கே வருகிறது, எத்தனையாவது சுற்று என்று மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து எடுப்பதா மாற்றுவதா.

எடுப்பது என்று நினைத்த உடனே புருஷன் சென்னியப்பன் வந்துவிடுகிறான், வண்டியோடு. வண்டி என்றால் சின்ன யானை என்கிற மினி லாரி. பத்து வருடமாக அதை அவன்தான் ஓட்டுகிறான், ஆனால் வண்டி ஓனருடையது. வெங்காய மூட்டை, பம்பு செட், காலி டிரம், யார் வீடு மாறினாலும் அவர்கள் சாமான் எல்லாம் அதில் ஏறி இறங்கியிருக்கிறது. போன மாதம் ஓனருடைய மகன், நேற்று மீசை முளைத்தவன், நாலு பேர் முன்னால் டீசல் கணக்குக் கேட்டான். அன்றைக்குச் சென்னியப்பன் சாப்பிடவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, “இந்த வண்டியவே நான் வாங்கிட்டா என்ன புள்ள” என்றான் சுவரிடம். ஓனர் பெரிய வண்டிக்கு மாறப் போகிறார், இதைத் தள்ளிவிடுகிறார், இவனுக்கென்றால் குறைத்துத் தருவார். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவேண்டும். வங்கிக்காரன் பாதிதான் தருவான். மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்ததை யார் முதலில் சொல்வது என்று இரண்டு நாள் வீட்டில் ஒரே அமைதி. மூன்றாம் நாள் அவளே சொன்னாள், “என்ற பி.எஃப் இருக்குதுங்க.” சொன்னது அவள்தான், அதை மறுக்க முடியாது. அவன் முகம் அப்போது இருந்த இருப்பை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. மறுநாளே போய் வண்டியைக் கழுவியிருக்கிறான், சக்கரத்துக்கு அடியில்கூடப் படுத்து. முன்கண்ணாடிக்கு மேலே என்ன பெயர் எழுதுவது என்று கீர்த்தனாவோடு சண்டை. “அம்மா பேருதான், அவ காசு” என்று முடித்துவிட்டான். வசந்தமணி என்று மஞ்சள் எழுத்தில், பின்னால் வெங்காய மூட்டையோடு, அவிநாசி ரோட்டில் போகிற தன் பெயரை அவள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டாள், அடுப்படியிலும் பஸ்ஸிலும் மெஷின் முன்னாலும். நன்றாகத்தான் இருந்தது. அவனை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதுதான் இதிலிருக்கிற வில்லங்கமே. பிடிக்காதவனாக இருந்தால் இந்நேரம் பர்வீனுக்குப் பதில் சொல்லிவிட்டு, வழியில் கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், கேட்டதற்கு இல்லையென்று சொன்னதில்லை. கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவள் சம்பளம் பேங்கில் விழும், ஏ.டி.எம் கார்டு அவன் சட்டைப்பையில், அது ஆரம்பத்திலிருந்தே அப்படி, யாரும் பிடுங்கவில்லை, பஸ்ஸில் தொலைத்துவிடுவாள் என்று அவளே கொடுத்தது. “இருநூறு குடுங்க” என்றால் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டே, “எதுக்கு?” என்பான். மிரட்டலாக இல்லை, மணி என்ன என்று கேட்பதுபோல. ருக்மணி மகள் சடங்குக்கு. எதுக்கு? ஜாக்கெட் தைக்க. எதுக்கு? மாத்திரைக்கு. எதுக்கு? ஒரு தடவை பதில் கைவசம் இல்லை. வேலை விட்டு வரும்போது பேக்கரியில் எல்லாரோடும் உட்கார்ந்து ஒரு தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட ஆசை, அதை எப்படிச் சொல்வது. “ஒண்ணுமில்லீங்க, வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள். அவன் சிரித்துக்கொண்டே நூறு ரூபாயைக் கையில் திணித்தான். நல்லவன். ஆனால் அந்த நூறு ரூபாயில் வாங்கிய பன் இனிக்கவில்லை. இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. அறுபதில் கம்பெனி இருக்காது, சம்பளம் இருக்காது. அப்போது மருந்துக்கும் பஸ்ஸுக்கும் அவனிடமோ, அவனுக்குப் பிறகு கீர்த்தனாவிடமோ, கீர்த்தனாவுக்கு வருகிறவனிடமோ போய் நின்றால் அந்தச் சின்னக் கேள்வி வரும், அன்பாகத்தான் வரும். பென்சன் பெரிய தொகை ஒன்றும் இல்லை, பர்வீன் சொல்லிவிட்டாள். பேக்கரிக்குப் போதும். கண்ணைத் திறந்தபடியே அவள் அந்த அறுபது வயதுக்குள் போய்விட்டாள்: காலையில் போன் ஒரு சத்தம் போடுகிறது, மாதத்தின் முதல் வாரம், சேலையை உதறிக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறாள், மழை விட்ட ஈரம், செருப்பு சப்சப் என்கிறது, பேக்கரியில் உட்கார்ந்து டீக்குள் பன்னைத் தோய்க்கிறாள், தேங்காய் நாக்கில் இனிக்கிறது, எங்கேயும் ஒரு அவசரமும் இல்லை. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, பக்கத்து மேஜையில் ஈ உட்கார்ந்ததுகூட. அப்புறம்தான் உறைத்தது, அந்தத் தெருவிலும் பேக்கரியிலும் சென்னியப்பன் இல்லை. எங்கே போனான்? அய்யோ, என்று பதறிப்போய் அவனைக் கொண்டுவந்து எதிர் நாற்காலியில் உட்கார வைத்தாள். அவனுக்கும் ஒரு டீ சொன்னாள். அவன் உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு ஆச்சு என்று விலைப் பட்டியலைப் பார்த்தான். அவள் டீ ஆறிப்போயிற்று.

“ஆயிருச்சுங்கய்யா, எடுத்துருச்சு” என்றாள் பர்வீன். கிழவர் ஒரு வழியாகச் சரியான நேரத்தில் கண்ணை மூடித் திறந்திருக்கிறார். “எத்தன நாளைக்குச் செல்லும்?” என்று கேட்டார். “ஒரு வருசத்துக்குங்க.” “அது போதும்” என்று எழுந்து, மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு, சட்டைப்பையிலிருந்து தன் நோட்டை எடுத்துத் தன் கையாலேயே பர்வீனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகும் அந்தக் கை எடுத்ததும் நீட்டியதும் வசந்தமணியின் கண்ணுக்குள் நடந்துகொண்டிருந்தது. யாரும் எதற்கென்று கேட்காத கை. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, ஜெராக்ஸ் கடையில் அழுவதாவது. “சொல்லுங்க்கா.” சொல்லிவிடலாம். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்ததுதானே. மாற்றிப் போட்டுவிட வேண்டியது, சாயங்காலம் வீட்டுக்குப் போய் மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு, “ரிஜெக்ட் ஆயிருச்சாமுங்க” என்று சொல்ல வேண்டியது. நம்பாதவர்கள் யாரும் கிடையாது. இந்த ஊரில் யாருடைய பி.எஃப்தான் முதல் தடவையிலேயே வந்திருக்கிறது, பேர் சேரவில்லை, தேதி சேரவில்லை, எதாவது ஒன்று. அவன் கொஞ்ச நேரம் கவர்மெண்டைத் திட்டுவான், வெள்ளிக்கிழமை போய்விடும், வண்டியை வேறு யாராவது ஓட்டிக்கொண்டு போவார்கள், அதை அவன் எங்காவது சிக்னலில் பார்ப்பான். அங்கேதான் ஒத்திகை நின்றுபோகும். சிக்னலில் அவன் அந்த வண்டியைப் பார்க்கிற பார்வையைத் தாண்டி அவளால் போக முடிந்ததில்லை. “மாத்திரு பர்வீன்” என்று தன் குரல் சொல்வதைக் கேட்டாள். குரல் தடுக்கவே இல்லை. பர்வீன் ஏழெட்டுத் தட்டு தட்டிவிட்டு நிமிர்ந்தாள். “ஓடிபி போயிருக்குதுங்க்கா. பத்து நிமிசம்தான் இருக்கும். போனைப் பாருங்க.” பார்ப்பதற்கு அது அவள் போனுக்கா வரும்? ஆதார் எடுத்த காலத்தில் வீட்டில் இருந்தது ஒரே போன், அவனுடையது. அப்போது கொடுத்த அந்த நம்பர்தான் பேங்கு, கேஸ், பள்ளிக்கூடம், பி.எஃப் எல்லாவற்றுக்கும். அவளுடைய பெயரை உலகத்தில் யார் கூப்பிட்டாலும் அது அவன் சட்டைப்பையில்தான் அடிக்கும். மில்லில் கூட இருந்தவர்கள், வைண்டிங்கில் கூட இருந்தவர்கள், எல்லாருக்கும் அப்படித்தான். காலையிலேயே அவனிடம் சொல்லியிருந்தாள், நம்பர் வரும், கேட்பேன், சொல்லுங்க என்று.

ஒரே மணியில் எடுத்தான். “வந்துருச்சு புள்ள, வந்துருச்சு! வண்டிய ஓரங்கட்டிட்டேன். இரு, கண்ணாடியப் போட்டுக்கறேன்.” பின்னால் பஸ் ஹாரனும் காற்றும். “எழுதிக்க. மூணு. எட்டு. எட்டு. சைபர். அஞ்சு. ரெண்டு. எழுதிட்டியா? இன்னொருக்காச் சொல்றேன், தப்பாப் போட்டா பூட்டிக்குமாம், ஸ்டாண்டுல சங்கரு சொன்னான். மூணு... எட்டு...” ஒவ்வொரு எண்ணையும் முட்டை எடுத்து வைப்பதுபோல வைத்தான். அவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பர்வீன் விசைப்பலகைமேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். “ஆச்சா?” என்றான் சென்னியப்பன், சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல். ஆச்சுங்க என்று சொன்னால் ஆச்சு. அந்த இரண்டாம் தடவை அவன் அத்தனை கவனமாகச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியும் இருப்பாள்.

“ஏனுங்க,” என்றாள். “இது எடுக்கறதுக்கில்லீங்க.”

“என்ன?”

“புதுக் கம்பெனிக்கு மாத்தறதுக்குங்க. மாத்திப் போடறேன். இப்பப் பணம் வராதுங்க, வயசானப்பறம் பென்சன்தானுங்க.”

ஒரு லாரி போயிற்று. “வெள்ளிக்கிழமை சொல்லிருக்கறேனே புள்ள.”

“தெரியுமுங்க.”

“நீதான சொன்ன, பி.எஃப் இருக்குதுன்னு. நானா கேட்டேன்?”

“நாந்தானுங்க சொன்னேன்.”

“அப்பறம் எதுக்கு எங்கிட்ட நம்பர வாங்குன?”

“வாங்கறதுக்கு முந்தியே சொல்லோணும்னுதான் இருந்தேனுங்க. வாய் வரலீங்க. நீங்க சொன்னத இன்னும் போடலீங்க, கையிலதான் இருக்குது.”

அவன் போனை வைக்கவில்லை. உள்ளங்கை வேர்த்து எட்டு கொஞ்சம் கலங்கியிருந்தது. திரையின் மூலையில் நொடிகள் இறங்கிக்கொண்டிருந்தன, அவை இறங்குவதை அவள் பஞ்சு இறங்குவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள், பயம்கூட இல்லை, உடம்பு எடையே இல்லாமல் இருந்தது. அவன் மூச்சு விடுவது காதில் கேட்டது, மூக்கில் சளி இருக்கிறது, காலையில் வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்க வேண்டும், வண்டியை எங்கே நிறுத்தியிருக்கிறானோ வெயிலில். இப்படியே மூச்சைக் கேட்டுக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது. “டைம் முடிஞ்சுருச்சுங்க்கா” என்றாள் பர்வீன் மெதுவாக. “மறுபடி அனுப்பட்டுங்களா? வேண்டாமுங்களா?” அது அவனுக்கும் கேட்டிருக்கும். கையில் இருந்த எண் இனி செல்லாது. அடுத்த எண் அவனிடம்தான் போகும், சொல்வதும் சொல்லாததும் அவன் பாடு. “அனுப்பு” என்றாள். அந்தப் பக்கம் அவன் போன் சின்னதாக ஒரு சத்தம் போட்டது.

“அந்தப் பென்சனு,” என்றான், “எவ்வளவு வரும்?”

“கொஞ்சந்தானுங்க.”

“அது யாருக்கு? நமக்கா?”

நமக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. இத்தனை வருடமாக அவள் சம்பாதித்தது எல்லாம் நமக்குத்தான், பீரோ நமக்கு, காது குத்து நமக்கு. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அவன் கொஞ்சம் இளகுவான் என்றுகூடத் தெரியும். சொல்ல நாக்கு எழும்பியது.

“எனக்குங்க” என்றாள்.

பர்வீன் திரையைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள். வசந்தமணிக்கு முகமெல்லாம் சுட்டது. கல்யாணமான பதினேழு வருடத்தில் அந்த வார்த்தையை அவனிடம் இப்படித் தனியாகச் சொன்னதே இல்லை. சொல்லிவிட்டபிறகு அது கெட்ட வார்த்தைபோலவும் இருந்தது, வெகு நாளாகக் கட்டியிருந்த முடிச்சை யாரோ அவிழ்த்ததுபோலவும் இருந்தது. வண்டிக் கதவை அவன் அறைந்து சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் சொன்னான். நிறுத்தாமல், ஒரே மூச்சில், ஆறு எண்ணையும் சில்லறை எறிவதுபோல எறிந்தான்; ஒரே ஒரு தடவைதான். போனை வைத்துவிட்டான்.

அவள் எழுதிக்கொள்ளவில்லை. எழுத நேரம் இல்லை. பர்வீன் கேட்பதற்கு முன்னால் ஆறையும் வரிசையாகச் சொன்னாள், பர்வீன் தட்டினாள், திரையில் பச்சையாக ஏதோ வந்தது. “போயிருச்சுங்க்கா. இனி அவங்களே மாத்திருவாங்க” என்று ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள், சூடாக இருந்தது. வசந்தமணி அதை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி அவனைக் கூப்பிட்டாள். என்ன சொல்வது என்று தெரியாது. சாப்பிட்டீங்களா என்று கேட்கலாம். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. தானாக நின்றதும் இன்னொரு தடவை போட்டாள்.